காட்டு ட்ரோலின் மூக்கும் கண்ணும்

நேயர்களுக்கு வணக்கம்.

மூணாறு பக்கத்து மறையூர்ப் பாறைமேட்டில் நிற்கிற முனியறைகளைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல். பெருங்கற்கால ஈமச்சின்னம் என்கிறது தொல்லியல். முனிவர்கள் இருந்த அறை என்கிறது ஊர். இவ்வளவு பெரிய கல்லை யார் தூக்கி வைத்தது என்று கேட்ட வாய்க்கு ஒரு கதை கிடைத்துவிடுகிறது. நார்வேக்காரர்களுக்குக் கிடைத்த கதையில் வருகிற ராட்சத உருவம்தான் ட்ரோல். பனியாறு உருட்டி வந்து விட்டுப்போன பாறை அங்கே தனியாகக் கிடந்தால், தேவாலய மணிச்சத்தம் பொறுக்காமல் ட்ரோல் வீசிய கல் என்பார்கள்.

நான் கதை சொல்லும் பிள்ளைகள், ட்ரோல் என்றால் போனில் கிண்டல் செய்வது என்றே நினைத்திருந்தார்கள். சரி, அது வேறு. சிலர் பேய் என்று மொழிபெயர்க்கிறார்கள், அதற்கு என் மனசு ஒப்புவதில்லை. பேய்க்கு உடம்பில்லை. ட்ரோலுக்கு உடம்புதான் எல்லாம். நடந்தால் தரை அதிரும். பசிக்கும், வலிக்கும். இரவில்தான் நடமாட்டம், வெயில் பட்டால் கல்லாகிவிடும். நார்வே ஓவியர் தியோடர் கிட்டெல்சன் 1906இல் வரைந்த காட்டு ட்ரோலின் தலையிலும் முதுகிலும் மரங்களே நிற்கின்றன. காடு எழுந்து நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி. இன்றைய கற்பனை உலகங்கள் சிலவற்றில் ட்ரோலின் கையை வெட்டினாலும் திரும்ப முளைக்கிறது, நெருப்பு வைத்தால்தான் நிற்கிறது. வெட்டிய அடிமரம் துளிர்ப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சுலபமாகப் புரியும்.

ஆனால் கணினி விளையாட்டுகளில் அதை வெட்டித் தள்ள வேண்டிய வெறும் உருவமாக ஆக்கிவிட்டார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். நார்வேக்காரர்களான ஆஸ்பியோர்ன்சனும் மோவும் 1840களில் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளில் ஒன்றைக் கேளுங்கள், அதன் குணம் தெரியும்.

ஹேடால் காட்டில் இரண்டு ஏழைச் சிறுவர்கள் வழி தவறிவிடுகிறார்கள். கிளைகளை வெட்டிக் குடிசை போட்டு, தீ மூட்டிப் படுக்கிறார்கள். இருட்டில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். 'கிறிஸ்தவ ரத்த வாடை அடிக்கிறதே!' நம் பாட்டிமார் கதையில் ராட்சசன் 'நரவாடை அடிக்குதே' என்பானே, அதே குரல்தான். வருவது மூன்று ட்ரோல்கள், மர உச்சி உயரம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே கண். முன்னால் போகிறவன் அதை நெற்றிக் குழியில் வைத்துக்கொள்வான்; மற்ற இருவரும் அவனைப் பிடித்துக்கொண்டே நடப்பார்கள்.

பெரியவன் தம்பியை முன்னால் ஓடச் சொல்லிவிட்டு ஒளிந்துகொள்கிறான். கடைசி ட்ரோலின் கணுக்காலில் கோடாலியால் ஒரே வெட்டு. அது போட்ட அலறலில் முதல் ட்ரோல் பயந்துபோய்க் கண்ணைக் கீழே தவறவிடுகிறது. பையன் எடுத்துப் பார்க்கிறான். பானை அளவு கண். அதன் வழியாகப் பார்த்தால் நடுராத்திரிக் காடு பட்டப்பகல்போல் தெரிகிறது!

பாருங்கள், அவ்வளவு பலமும் அந்த ஒற்றைக் கண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ட்ரோல்கள் மிரட்டிப் பார்க்கின்றன, பலிக்கவில்லை. அப்புறம் கண்ணைத் திருப்பித் தரச் சொல்லிக் கெஞ்சல். அதற்கு ஈடாகத் தங்கள் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு இரண்டு வாளி பொன்னும் வெள்ளியும், இரண்டு எஃகு வில்லும் கொண்டுவரச் சொல்கின்றன. அவள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறாள். அதற்குப் பிறகு அந்தக் காட்டில் மூக்குறிஞ்சுகிற சத்தத்தை யாருமே கேட்கவில்லையாம்.