திட்டம் எழுதும் முன் ஊரைக் கேட்போம்

[காட்சி: மானூர்க் கோயில் கல்வெட்டு]

திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில், கி.பி. 800-ஐ ஒட்டிய பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஊர்ச்சபையில் யார் அமரலாம் என்பதையும், எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசித் தடை செய்பவருக்கு 5 காசு தண்டம் என்பதையும் அது வரையறுக்கிறது. ஆனால் அந்தச் சபை நிலமும் கல்வியும் உடைய பிராமணர் சிலருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இன்றைய கிராம சபையிலோ, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் தந்த உரிமை இது.

[காட்சி: குளக்கரை, மடை, வரத்துக்கால்]

ஊராட்சி ஆண்டுதோறும் கிராம வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். அதில் 'குளம் தூர்வாருதல்' என்று ஒரு வரி எழுதுவது எளிது. ஆனால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறாததற்குக் காரணம் குளத்து மண்ணா, குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் உள்ள அடைப்பா, பழுதான மடையா என்பதை, பிசான நெல் பருவத்தில் இரவெல்லாம் அங்கே தண்ணீர் பாய்ச்சியவரே சொல்ல முடியும். ஆகவே மதிப்பீடு போடும் முன், பொறியாளரும் விவசாயிகளும் வரத்துக்காலின் தலைப்பிலிருந்து, மிகுநீர் வெளியேறும் மறுகால் வரை சேர்ந்து நடக்க வேண்டும். இந்த ஒரு நடையைத் தவிர்த்துவிட்டுச் செலவிடும் பணம் பெரும்பாலும் வீண் என்றே நான் கருதுகிறேன்.

[காட்சி: கோலப்பொடியால் தரையில் வரைந்த ஊர் வரைபடம்]

தெருவில் கோலப்பொடியால் ஊரை வரையச் சொன்னால், எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்த விளக்கு எரியவில்லை என்பதைப் பெண்கள் புள்ளி வைத்துக் காட்டிவிடுவார்கள். பீடி சுற்றும் பெண்கள் மிகுந்த ஊர்களில், அவர்கள் அன்றைய பீடியைக் கடையில் ஒப்படைத்துத் திரும்பும் நேரத்தைக் கேட்டறிந்து, கிராம சபைக்கு முன்பே தெருக்கூட்டங்களை நடத்துவது நல்லது.

[காட்சி: கிராம சபை]

501 முதல் 3,000 பேர் வரை வாழும் ஊராட்சியில் 100 பேர் வந்தால் கூட்டம் செல்லுபடியாகும். அந்த 100 பேரும் ஒரே தெருவினராக இருந்தாலும் எண்ணிக்கை நிறைந்துவிடும். ஆனால் ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்தும் தொலைவிலுள்ள குக்கிராமத்திலிருந்தும் ஒருவரும் வராத கூட்டத்தை ஊர்க்கூட்டம் என்று எப்படிச் சொல்வது? அங்கெல்லாம் முன்கூட்டியே சென்று கேட்டு, அவர்கள் சொன்னதைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றி, உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். அடுத்த கிராம சபை தொடங்கும்போது அதே பக்கத்தைத் திறந்து, எது முடிந்தது, எது ஏன் நின்றது என்று முதலில் கேளுங்கள்.