பிரிஸ்டல்: தண்ணீரைப் பூட்டி வைத்த துறைமுகம்

வணக்கம் நேயர்களே. இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்குப் போகிறவர்கள் கடலைத் தேடாதீர்கள். துறைமுகம் ஏவான் ஆற்றில் பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. ஆனால் கடலின் ஆட்டம் அங்கேயும் எட்டும். முகத்துவாரத்தில் நீர் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் நாட்கள் உண்டு, நாலு மாடி உயரம்! நீர் வற்றினால் கப்பல் சேற்றில் உட்கார்ந்து சாய்ந்துவிடும், சரக்கை இறுக்கிக் கட்டாதவன் பாடு திண்டாட்டம்தான்.

இதற்கு முடிவு கட்டியவர் வில்லியம் ஜெசப். ஆற்றுக்குப் புதுக் கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டு, பழைய ஆற்றைக் கதவு போட்டு அடைத்தார். 1809இலிருந்து உள்ளே தண்ணீர் வற்றவில்லை.

சரி, அந்தக் கதவே பிறகு வம்பானது. புரூனல் என்ற பொறியாளர் வடிவமைத்த 'கிரேட் பிரிட்டன்' என்ற இரும்புக் கப்பல் 1843 ஜூலை 19 அன்று மிதந்தது, ஆனால் கதவு வழி குறுகல். கல்லைப் பெயர்த்து, 1844 டிசம்பரில் கடல் நீர் ஏறி வந்த நேரம் பார்த்துத்தான் வெளியே இழுத்தார்கள். அப்புறம் அட்லாண்டிக், ஆஸ்திரேலியா என்று ஓடி ஓய்ந்து, தென் அட்லாண்டிக்கில் உள்ள பால்க்லாந்து தீவுகளில் கம்பளியும் நிலக்கரியும் வைக்கும் கிடங்காகி, 1937இல் கரையோரம் மூழ்கடிக்கப்பட்டது. 1970இல் அதை மீட்கப் போனபோது பக்கவாட்டில் பெரிய விரிசல். தீவு மக்கள் வீட்டு மெத்தைகளைக் கொடுத்தார்கள், அதைத் திணித்துத்தான் அடைத்தார்கள். பெரிய மிதவை மேல் ஏற்றி அட்லாண்டிக் முழுக்க இழுத்து வந்து, அதே ஜூலை 19 அன்று, தான் கட்டப்பட்ட அதே உலர்துறைக்குள் நுழைத்தார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் கப்பலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக விற்கப் பிரிஸ்டல் கப்பல்கள் 2,000 தடவைக்கு மேல் புறப்பட்டிருக்கின்றன. நகரத்தின் அழகான பழைய வீடுகள் பலவற்றில் அந்தப் பணம் இருக்கிறது. அடிமை வணிகத்தில் பங்கிருந்த எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையை 2020 ஜூனில் மக்கள் சாய்த்து, உருட்டிக்கொண்டு போய் இதே தண்ணீரில் தள்ளினார்கள். தள்ளிய இடத்தருகே உள்ள பாலத்துக்குப் பெரோ என்று பெயர், கரீபியன் கடலில் உள்ள நீவிஸ் தீவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர் அவர். சிலையை இப்போது எம் ஷெட் அருங்காட்சியகத்தில், அன்று மக்கள் பூசிய சாயத்தோடு, படுக்க வைத்திருக்கிறார்கள். அவசியம் பாருங்கள்.

நேரம் முடியப் போகிறது. ராஜாராம் மோகன்ராய் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். 1833இல் அவர் காலமானது பிரிஸ்டலில்தான். ஆர்னோஸ் வேல் இடுகாட்டில் அவருடைய நினைவு மண்டபம் இருக்கிறது, டெம்பிள் மீட்ஸ் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வணக்கம்.