கம்பி மறைவதற்கு முன்

அவையோருக்கு வணக்கம்.

இதோ என் கையில் இருப்பது சிமெண்டில் வார்த்த ஒரு சின்னக் கட்டி. கட்டட வேலை பார்ப்பவர்கள் இதைக் ‘கவர் பிளாக்’ என்பார்கள். கான்கிரீட் போடும்போது கம்பி சென்டரிங் பலகையில் ஒட்டிவிடாமல் தூக்கிப் பிடிப்பது இதன் வேலை. விலை சில ரூபாய்தான். தீர்ந்துபோனால் மேஸ்திரி காலடியில் கிடக்கும் ஜல்லி ஒன்றை எடுத்துச் செருகிவிடுவார். ஆட்கள் கம்பிமேல் நடக்கையில் ஜல்லி நழுவும். கம்பி பலகையில் படியும்; அதன் அடியை மூடிக் காக்கக் கான்கிரீட் இருக்காது. பலகையைப் பிரித்துப் பூசி முடித்துவிட்டால் அந்தத் தவறு யார் கண்ணுக்கும் படாது. சில மழைக்காலங்கள் போனதும் துருவேறிய கம்பி பருத்து, கூரை பெயர்ந்து சாப்பாட்டு மேசையில் விழும்.

அப்போது வழக்கறிஞரைத் தேடுகிறோம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 14 நமக்கு ஒரு நல்ல உரிமையைத் தந்திருக்கிறது. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் குறையைச் சுட்டிக்காட்டினால், கட்டுநர் 30 நாட்களில் தம் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும். ஆனால் துரு நாட்காட்டி பார்ப்பதில்லை. ஆறாவது ஆண்டில் அது தலைகாட்டினால் என்ன செய்வீர்கள்? நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாமலோ இருந்தால் அந்தத் திட்டத்தை ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவு செய்யவே தேவையில்லை என்பது வேறு. ஒரு கிரவுண்டு மனையில் ஆறு வீடு கட்டும் நம் ஊருக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை மாலையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இடிந்தது திட்ட அனுமதி பெற்ற கட்டடம் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. நாம் ‘அப்ரூவல்’ என்று நம்பிக்கையோடு சொல்லும் அந்தத் தாள், சுற்றிலும் எவ்வளவு இடம் விட்டார்கள், எத்தனை மாடி, கார் நிறுத்த இடம் உண்டா என்று பார்த்தது. கட்டடம் நிற்குமா என்பதைக் கட்டுநரின் பொறியாளரிடமே விட்டுவிட்டது.

அந்தப் பொறியாளருக்குச் சம்பளம் தருபவர் யார்? நானும் அப்படிச் சம்பளம் வாங்கியவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தூணின் கம்பிக் கட்டைப் பார்க்காமலே கையெழுத்திட்டேன். கலவை லாரி வாசலில் காத்திருந்தது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தூண் இன்றும் நிற்கிறது. ஆனாலும் அந்தத் தெருவில் நான் போவதில்லை.

சிங்கப்பூரில் நம்மவர்கள் நன்கறிந்த சிராங்கூன் சாலையில், 1986 மார்ச் 15 அன்று ஹோட்டல் நியூ வேர்ல்டு இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. 33 பேர் இறந்தார்கள். விசாரித்தால், கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள்! மூன்றே ஆண்டுகளில் அங்கே சட்டம் மாறியது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை, அந்தத் திட்டத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத இன்னொருவர் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆனது.

பிரான்சில் வேறு வழி. அங்கே கட்டுமானப் பொறுப்பு 10 ஆண்டுகள். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை தொடங்குமுன்பே காப்பீடு எடுத்தாக வேண்டும். கடுமையான குறை வந்தால், தவறு யாருடையது என்று நீதிமன்றம் சொல்லும்வரை வீட்டுக்காரர் காத்திருக்க வேண்டாம். காப்பீட்டு நிறுவனம் முதலில் பணத்தைத் தந்துவிட்டு, பிறகு கட்டியவர்களிடம் வசூலித்துக்கொள்ளும். தன் பணம் போகும் என்றால் எந்த நிறுவனமும் கம்பியை எட்டிப் பார்க்காமல் விடுமா?

நம் சட்டத்திலும் பிரிவு 16 காப்பீடு பற்றிப் பேசுகிறது. அரசு அறிவிக்கை செய்தால்தான் அது கட்டாயமாகும். ஆகவே நம் குடியிருப்போர் சங்கங்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த அறிவிக்கையைத்தான். அடுத்து, கான்கிரீட் போடும் ஒவ்வொரு நாளும், கட்டுநரிடம் சம்பளம் வாங்காத ஒரு பொறியாளர் கம்பியைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அன்று எடுத்த புகைப்படங்களும், அன்றைய கலவையில் வார்த்த மாதிரிக் கட்டியை 28 நாள் கழித்து வலிமை அறிய உடைத்துப் பார்த்த முடிவும் சாவியோடு சேர்ந்து வீட்டுக்காரர் கைக்கு வர வேண்டும். செலவு கூடும் என்பார்கள். கூடும்தான். நுழைவாயில் வளைவுக்கு ஒட்டும் கிரானைட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும்.

இந்தக் கவர் பிளாக்கை வரிசையாகக் கைமாற்றிப் பாருங்கள். அதற்குள் உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.