உங்கள் கையிலுள்ள தழும்பும் ஒரு கால்நடை மருத்துவரும்

வணக்கம். போன காணொளிக்கு வந்த கேள்விகளில் ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு நேயர் கேட்கிறார்: "கால்நடை மருத்துவர் என்றால் மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்ப்பவர். மனிதர்களின் பொதுச் சுகாதாரத்தில் அவருக்கு என்ன வேலை? உலகம் முழுக்க 'ஒன் ஹெல்த்' என்று பேசுகிறார்களே, அது கூட்டம் போடுவதற்கு வைத்த பெயரா? நான் எந்த விலங்கும் வளர்ப்பதில்லை. எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

நானும் ஒரு கால்நடை மருத்துவர்தான். கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருக்கிறது, பரவாயில்லை. 'ஒன் ஹெல்த்' என்றால் மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. கடைசிப் பகுதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் மேல்கையைப் பாருங்கள். சின்ன வட்டமாக ஒரு தழும்பு இருந்தால், அது பெரும்பாலும் பிசிஜி ஊசி போட்ட இடம். காசநோய்க்காகக் குழந்தைக்குப் போடுவது. அந்தப் பெயரில் உள்ள 'ஜி' என்பது கமீல் கெரான் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரிலிருந்து வந்தது. அவர் கால்நடை மருத்துவர். அவரும் கால்மெட் என்ற மருத்துவரும் 1908-இல் மாட்டுக் காசநோய்க் கிருமியை எடுத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கிருமி வளர்க்கும் புது ஊடகத்துக்கு மாற்றி மாற்றி, 13 வருடம், 230 தடவை வளர்த்தார்கள். வளர்க்க வளர்க்க அதன் வீரியம் குறைந்தது. 1921-இல் முதல்முறையாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். ஆக, விலங்கே வளர்க்காத உங்கள் உடம்பிலும் ஒரு கால்நடை மருத்துவரின் வேலை ஒட்டிக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சரி, இது பழைய கதை. இப்போது அவர்களால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பல நோய்கள் முதலில் விலங்கில்தான் தலைகாட்டும். அங்கே யார் நிற்கிறாரோ அவர் கண்ணில்தான் அது முதலில் படும். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1999, நியூயார்க்.

அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் அந்த நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் வயதானவர்கள் சிலர் மூளைக்காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். ரத்தப் பரிசோதனையை வைத்து, இது செயின்ட் லூயி மூளைக்காய்ச்சல் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவில் ஏற்கெனவே தெரிந்த நோய், கொசுவால் பரவுவது. கொசுமருந்து அடிக்கத் தொடங்கினார்கள். அதே சமயம் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவைச் சுற்றிக் காகங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தன. கொஞ்ச நாளில் பூங்காவுக்குள்ளேயே பூநாரைகள், ஒரு நீர்க்காகம், ஒரு வெண்தலைக் கழுகு என்று சாவு தொடர்ந்தது. அங்கே நோய்க்குறியியல் பார்த்த கால்நடை மருத்துவர் ட்ரேசி மெக்நமாரா பறவைகளை அறுத்துப் பார்த்தார். மூளையில் ரத்தக்கசிவு, இதயத்தசையில் அழற்சி.

அவர் யோசித்த விதத்தைக் கவனியுங்கள், எனக்கு இதில் பிடித்ததே அதுதான். செத்த பறவையைப் பார்த்தது போலவே சாகாத பறவையையும் பார்த்தார். பூங்காவில் இருந்த கோழிகள் நன்றாக இருக்கின்றன. பறவைக் காய்ச்சலோ ராணிக்கெட் நோயோ ஆக இருந்தால் முதலில் போவது கோழிதான். ஈமுக்களும் நன்றாக இருக்கின்றன. குதிரைகளைத் தாக்கும் கிழக்கத்திய மூளைக்காய்ச்சல் வைரஸ் என்றால் ஈமு தாங்காது. அப்படியானால் மனிதர்களுக்கு வந்ததாகச் சொல்லும் செயின்ட் லூயியா? அந்த வைரஸைப் பறவைகள் சுமக்கும், ஆனால் அதனால் பொதுவாகச் சாகாது. இங்கோ கொத்துக் கொத்தாகச் சாகின்றன. ஒன்று, மனிதர்களுக்கும் பறவைகளுக்கும் ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு மூளைநோய் வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மனிதர்களுக்குச் சொன்ன பெயர் தப்பு.

மனித நோய்களைப் பார்க்கும் அதிகாரிகளுக்குப் போன் செய்தார். ஆரம்பத்தில் அது காதில் ஏறவில்லை. பறவைச் சாவு வேறு, இது வேறு என்று விட்டுவிட்டார்கள். அவர் சளைக்காமல் விலங்கு நோய் ஆய்வகத்துக்கும் ராணுவ ஆய்வகத்துக்கும் மாதிரிகள் போக ஏற்பாடு செய்தார். செப்டம்பர் கடைசியில் விடை வந்தது: வெஸ்ட் நைல் வைரஸ். 1937-இல் உகாண்டாவில் முதலில் கண்டுபிடித்தது. அமெரிக்கக் கண்டங்களில் அதுவரை தென்பட்டதே இல்லை. அந்த வருடம் நியூயார்க் வட்டாரத்தில் 62 பேருக்கு நோய், 7 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, செத்த காகத்தைப் பார்த்தால் தகவல் சொல்லுங்கள் என்று பொதுமக்களிடம் கேட்பதே ஒரு கண்காணிப்பு முறையாகிவிட்டது. இன்னொன்று, இதற்குக் குதிரைக்குத் தடுப்பூசி இருக்கிறது. மனிதனுக்கு இன்னும் வரவில்லை.

மருத்துவர்கள் மோசம் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களிடம் வந்தது மனித ரத்தம் மட்டும். அதை வைத்து வந்த முடிவு அது. இரண்டு மேஜைக்கு நடுவில் ஒரு போன் ஒழுங்காக வேலை செய்யவில்லை. 'ஒன் ஹெல்த்' என்று பெரிய பெயர் வைத்திருப்பது அந்தப் போனைச் சரிசெய்யத்தான்.

அடுத்து வெறிநோய். வருடத்துக்கு ஏறக்குறைய 59,000 பேர் உலகத்தில் இதனால் சாகிறார்கள் என்று கணக்கு. 100-க்கு 99 நாயால் வருவது. கடி வாங்கிய மனிதனுக்கு ஊசி போட்டுக்கொண்டே இருக்கலாம், நாயிடம் இருக்கும் நோய் அப்படியே இருக்கும். அதனால் நாய்க்குப் போடு என்கிறோம். எத்தனை நாய்க்கு? 70 சதவீதம். இந்த எண் ஏன் என்று யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். ஒரு வெறிநாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்குத்தான் நோயைக் கொடுக்கிறது. அந்தக் கணக்குப்படி பாதி நாய்க்குப் போட்டாலே பரவல் நிற்க வேண்டும். ஆனால் நாய்க்கூட்டம் நிலையாக இருப்பதில்லை. ஊசி போட்டது சாகும், போடாத குட்டி பிறக்கும். இன்று 70 போட்டால்தான் அடுத்த முகாம் வரும்வரை தேவையான அளவு தங்கும். குட்டிக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு வருவது இதனால்தான் பெரிய தப்பு. மெக்சிகோ இதை வருடக்கணக்கில் விடாமல் செய்தது. நாயால் வரும் வெறிநோய்ச் சாவை ஒழித்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அங்கீகரித்த முதல் நாடு அதுதான்.

"நான் விலங்கு வளர்ப்பதில்லை" என்றீர்களே, நெதர்லாந்தில் 2007-க்குப் பிறகு அப்படிப்பட்டவர்கள்தான் நிறையப் பேர் படுத்தார்கள். அங்கே பால் ஆட்டுப் பண்ணைகளில் 2005 முதலே ஆடுகள் கன்று வீசின, அதாவது குட்டி சினையிலேயே கலைந்து விழுந்தது. காரணம் கியூ காய்ச்சல் கிருமி. ஆடு குட்டி போடும்போது நச்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் இது கோடிக்கணக்கில் வெளியேறும். காய்ந்து, தூசியோடு தூசியாகக் காற்றில் பல கிலோமீட்டர் போகும். ஆட்டைத் தொட்டே பார்க்காதவர் மூச்சில் இழுத்து, நிமோனியாவோடு மருத்துவமனைக்குப் போவார். 2010 வரை 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் உறுதியானது. கடைசியில் 50,000-க்கும் மேற்பட்ட ஆடுகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. எந்தப் பண்ணையில் நோய் என்ற விவரத்தைத் தனியுரிமை என்று சொல்லி வெகுநாள் பொதுவில் வெளியிடவில்லை. மறுபடியும் அதே போன்.

இதில் பண்ணைக்காரரை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நோய் என்று சொன்னால் மந்தையையே அழிப்பார்கள், நஷ்டஈடு வருமா தெரியாது என்றால் யார் வாயைத் திறப்பார்கள்? செத்ததை ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். இழப்பீடு ஒழுங்காகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் ஒரு நோய்த்தடுப்பு முறைதான். அந்த நம்பிக்கையோடு பண்ணைக்குள் நுழையக்கூடிய ஆள் கால்நடை மருத்துவர். முதலில் அவரிடம் சொல்வார்கள், அப்புறம்தான் அரசாங்கத்திடம்.

கூட்டம் போடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். 1920-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகம் வழியாகப் போன மாடுகளிலிருந்து வெக்கை நோய், அதாவது மாடுகளைக் கூட்டமாகக் கொல்லும் ரிண்டர்பெஸ்ட், அந்த நாட்டுக்குள் புகுந்தது. அந்தப் பயத்தில் 28 நாடுகள் சேர்ந்து 1924-இல் விலங்கு நலத்துக்கான உலக அமைப்பைத் தொடங்கின. உலகச் சுகாதார நிறுவனம் வந்தது 1948-இல்தான். எங்கள் ஆட்கள் 24 வருடம் மூத்தவர்கள், இந்தப் பெருமையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்! ஒரு நாட்டில் குறிப்பிட்ட நோய் வந்தால் மற்ற நாடுகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. வெக்கை நோய் 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது. பெரியம்மைக்குப் பிறகு அப்படி ஒழித்த நோய் அது ஒன்றுதான்.

ஆன்டிபயாடிக் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. மடிநோய் வந்த மாட்டுக்கு ஊசி போட்டால், மருந்து உடம்பிலிருந்து இறங்கும் வரை சில நாட்கள் அந்தப் பாலை விற்கக் கூடாது. எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். நன்றாகத் தெரியும் பாலைக் கீழே கொட்டச் சொல்வது லேசான வேலை இல்லை. சொன்னதும் மாட்டுக்காரர் முகம் மாறும். அடுத்த தடவை நம்மைக் கூப்பிடாமலும் போகலாம். அப்படியும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் பாலைக் குடிக்கப்போகிறவர் யாரென்று நமக்கோ மாட்டுக்காரருக்கோ தெரியாது.

நேயருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். காய்ச்சல் என்று மருத்துவரிடம் போகும்போது, சமீபத்தில் எந்த விலங்கின் பக்கத்தில் இருந்தீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பண்ணைக்குப் போனது, காய்ச்சாத பால் குடித்தது, செத்த பறவையைக் கையால் எடுத்தது, எதுவானாலும். நாய் கடித்தாலோ கீறினாலோ சோப்பும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அதன் பிறகு ஊசிக்குக் கிளம்புங்கள். 15 நிமிடம் என்பது நீங்கள் நினைப்பதைவிட நீளம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவுங்கள்.

பூனை கீறினால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அதை அடுத்த காணொளியில் பார்ப்போம்.