அருளப்பனும் ஜானும் ஒருவரே

நேயர்களுக்கு வணக்கம். பெயர்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பத்துப் பெயரைத் தொட்டால் ஒன்றும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு பெயர்: ஜான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை பெயர் ஜான். அவருடைய தாத்தா அருளப்பன். பெண் வீட்டார் கேரளத்துக்காரர்கள். பெண்ணின் தாய்மாமன் பெயர் உலகன்னான். பந்தியில் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஐயா, உங்க மூணு பேருக்கும் ஒரே பெயர், தெரியுமா?" என்றேன். தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பரிமாறுகிறவரிடம், "இந்தத் தம்பி சாப்பிட்டாச்சான்னு கேளுப்பா" என்றார்.

பசி மயக்கமில்லை நேயர்களே, உண்மைதான். மூலப் பெயர் எபிரேய மொழியில் யோகனான். 'கடவுள் அருள் கூர்ந்தார்' என்று பொருள். அது கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போய், அங்கிருந்து ஊர் ஊராகப் பிரிந்தது. ரஷ்யாவில் இவான், ஸ்பெயினில் ஹுவான், இத்தாலியில் ஜியோவான்னி, அயர்லாந்தில் ஷான், ஜெர்மனியில் யோஹான், அதைச் சுருக்கி ஹான்ஸ். ஆங்கிலத்தில் ஜான், மலையாளத்தில் யோஹன்னான், உலகன்னான், தமிழ் பைபிளில் யோவான். ஜானகியை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். அவள் ஜனகர் மகள், அந்தக் குடும்பமே வேறு.

பெயர் வைக்கும்போது சொந்தக்காரர்கள் மூக்கை நுழைப்பது நமக்குத் தெரியாததா? இந்தப் பெயருக்கும் அந்தச் சண்டை உண்டு. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வருகிறது. வயதான காலத்தில் எலிசபெத்துக்குப் பிள்ளை பிறக்கிறது. அப்பா சக்கரியாவுக்கோ வாய் பேச முடியாத நிலை. எட்டாம் நாள் உறவினர்கள் கூடி, அப்பா பெயரையே வைத்துவிடலாம் என்கிறார்கள். தாய், "இல்லை, யோவான்" என்கிறாள். "உங்கள் உறவில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லையே" என்று ஆட்சேபம். கவனியுங்கள், பெயர் நன்றாக இல்லை என்று யாரும் சொல்லவில்லை. உறவில் இல்லை, அதுதான் குற்றம். நம்மிடம் தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். அதுதான் பேரன் ஆனது. அதே கணக்குத்தான். கடைசியில் தகப்பனிடம் கேட்கிறார்கள். அவர் எழுதுபலகை வாங்கி, 'இவன் பெயர் யோவான்' என்று எழுதுகிறார். அத்தோடு அவருக்குப் பேச்சும் திரும்புகிறது.

அந்தப் பிள்ளைதான் பிற்பாடு யோர்தான் ஆற்றில் திருமுழுக்குக் கொடுத்தவர். அவர் ஒருவர், நற்செய்தி எழுதிய யோவான் இன்னொருவர். இரண்டு பெரிய புனிதர்களுக்கு ஒரே பெயர் அமைந்தால், பிள்ளைகளுக்கு அதை வைக்காமல் இருப்பார்களா?

சரி, தமிழுக்கு வருவோம். என் கிறுக்கே இங்கேதான். மற்ற ஊர்க்காரர்கள் ஒலியை வாங்கித் தங்கள் நாக்குக்கு ஏற்ப வளைத்தார்கள். நம் கத்தோலிக்கர்கள் பொருளையே பெயர்த்தார்கள். அருள் என்ற பொருளை எடுத்து, அப்பன் சேர்த்து, அருளப்பன். லிஸ்பனில் 1647-இல் பிறந்து, மதுரை மிஷனில் உழைத்து, 1693-இல் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த பாதிரியார் ஜான் டி பிரிட்டோ, தமிழில் அருளானந்தர். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் மணிமுடி, ஆகவே முடியப்பர். போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலை நம் கோயில்களில் எப்படிச் சொன்னார்கள்? இரண்டாம் அருள் சின்னப்பர்! போலந்துக்காரரா, பக்கத்துத் தெருக்காரரா என்று சந்தேகம் வந்துவிடும். மறுபடியும் சொல்கிறேன், ஒலியை அல்ல, பொருளை. இப்போது கத்தோலிக்கத் திருவிவிலியத்திலும் யோவான் நற்செய்தி என்றுதான் இருக்கிறது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து செய்த பொதுமொழிபெயர்ப்பு என்றால் பொதுப்பெயர் வேண்டும், நியாயம்தான். ஆனாலும் அருளப்பனை இழந்ததில் எனக்கு வருத்தம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டதாம். செல்வாக்கைப் பற்றி வேகமாகச் சொல்கிறேன். அமெரிக்க அரசின் பெயர்ப் பட்டியலில் 1880 முதல் 1923 வரை ஆண் பிள்ளைகளுக்கு முதலிடம் ஜானுக்குத்தான்; 1924-இல் ராபர்ட் வந்து தள்ளிவிட்டார். இன்று முதல் பத்திலும் இல்லை. ஆனால் ஜான்சன், ஜோன்ஸ், இவானோவ், ஹான்சன் என்று குடும்பப் பெயர்களில் உட்கார்ந்திருக்கிறார். குர்ஆனில் வரும் யஹ்யா நபியும் அந்தச் சக்கரியாவின் பிள்ளைதான். அதற்கே தனியாக ஒரு உரை வேண்டும். பெண்பாலில் ஜோன், ஜேன், ஜேனட், யோவான்னா... விளக்க நேரமில்லை, வீட்டில் ஜேனட் இருந்தால் மன்னிக்கச் சொல்லுங்கள். வணக்கம்.