பக்கத்து நாற்காலி

நேயர்களுக்கு வணக்கம். தர்மபுரி மாவட்டம் அரூர் பகுதியில் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இருபத்தொன்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. தேர்வைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. அதைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பார்த்துக்கொள்வார்கள். கடைசித் தேர்வு எழுதிவிட்டு வீட்டுக்கு வரும் நாளிலிருந்து கல்லூரி வகுப்பில் போய் உட்காரும் நாள்வரை நான்கைந்து மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களில் பிள்ளை பள்ளிக்கும் சொந்தமில்லை, கல்லூரிக்கும் சொந்தமில்லை. அவர்களைக் கேட்பதற்கு ஆளில்லாத காலம் அது. நான் பார்த்தவரையில், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தேர்வறையில் இழந்ததைவிட அந்த மாதங்களில் இழந்ததுதான் அதிகம்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மா ஊரில் ஆடு மேய்க்கிறார். அந்தப் பெண் கணிதத்தில் 84, இயற்பியலில் 70, வேதியியலில் 76 வாங்கினாள். பொறியியல் சேர்க்கைக்குக் கணித மதிப்பெண்ணை நூற்றுக்கு அப்படியே எடுத்துக்கொள்வார்கள். இயற்பியலையும் வேதியியலையும் பாதிப் பாதியாக்குவார்கள். ஆக 84, 35, 38. இருநூற்றுக்கு 157. எங்கள் பள்ளிக்கு அது பெருமைக்குரிய கட்-ஆஃப். மின்னணுவியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஒரு கணினி மையத்தில் விண்ணப்பித்தாள். வீட்டில் இருந்த ஒரே கைபேசி அப்பாவோடு பெங்களூரில் இருந்ததால், மையக்காரர் தன் எண்ணையே விண்ணப்பத்தில் பதிந்துவிட்டார். உதவி செய்வதாக நினைத்துத்தான் செய்தார். பல வாரங்கள் கழித்து, கல்லூரியில் இடம் ஒதுக்கிய செய்தி அவருடைய கைபேசிக்கு வந்தது. நூற்றுக்கணக்கான செய்திகளில் அதுவும் ஒன்றாகப் போயிற்று. ஒதுக்கிய இடத்தைக் குறித்த நாளுக்குள் இணையத்தில் உறுதி செய்யாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவள் நான்கு நாள் கழித்து மையத்துக்குப் போய்க் கேட்டபோது, கேட்டிருந்த கல்லூரியும் கேட்டிருந்த பாடமும் வந்து, போயும்விட்டிருந்தன.

பிறகு அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தாள், நன்றாகவே படித்தாள். நான் கற்பித்த பாடம் அது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவள் தேடிப் போனது அதை அல்ல. அந்த ஆண்டு கோடை விடுமுறையில் நான் ஊரில் இல்லை. இருந்திருந்தால் கைபேசி எண்ணைப் பதியும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை. அதற்குப் பின் ஒரு கோடையிலும் நான் ஊரைவிட்டுப் போனதில்லை.

ஆகவே பெற்றோர்களிடம் முதலில் கேட்பது இதுதான். விண்ணப்பத்தில் கொடுக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்கள் வீட்டுடையதாக இருக்கட்டும். கடவுச்சொல்லை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஆகஸ்ட் முடியும்வரை அந்த எண்ணை மாற்றாதீர்கள், ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது சான்றிதழ்கள். தேர்வு முடிவு வந்த மறுநாள் எங்கள் ஊர் இ-சேவை மையத்தில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் ரேஷன் கடை வரிசை தோற்றுவிடும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று அத்தனை பேரும் ஒரே வாரத்தில் கேட்டால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் என்ன செய்வார்கள்? இதையெல்லாம் இப்போதே, பிப்ரவரியிலேயே, வாங்கி வைத்துக்கொள்ளலாம். சித்தேரி மலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். பழங்குடியினர் சான்று வட்டாட்சியர் கொடுப்பதல்ல. கோட்டாட்சியர் விசாரித்துத்தான் கொடுப்பார். அதற்கு நாள் பிடிக்கும். மலையிலிருந்து இறங்கி வந்து, அதிகாரி முகாமுக்குப் போயிருக்கிறார் என்று கேட்டுத் திரும்பிப் போன பெற்றோர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தேர்வுக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டால் அந்த அலைச்சலை அவசரமில்லாமல் அலையலாம்.

வேலைக்காகக் குடும்பத்தோடு பெங்களூர் போய், பிள்ளையைச் சில ஆண்டுகள் அங்கே படிக்கவைத்துவிட்டுத் திரும்பியவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் இருப்பிடச் சான்று தேவையில்லை. இடையில் வெளி மாநிலத்தில் படித்திருந்தால் தேவை. அதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

பெயர் விவகாரம் ஒன்று உண்டு. ஆதாரில் ஓர் எழுத்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு எழுத்து, வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால், சாதிச் சான்றில் பின்னால். ஆங்கிலத்தில் எழுதும்போது ‘முருகேசன்’ என்ற ஒரே பெயர் மூன்று விதமாக வந்துவிடும். பார்ப்பவர்களுக்கு இது அற்பமாகத் தெரியும். ஆனால் உதவித்தொகை நேரடியாக வங்கிக் கணக்கில் சேரும் இந்தக் காலத்தில், பெயர் பொருந்தாததால் மாதக்கணக்கில் பணம் வராமல் தவித்த பிள்ளைகள் உண்டு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2018க்கு முன்பு, மதிப்பெண் வரிசைப்படி கல்லூரி இடம் ஒதுக்கும் பொறியியல் கலந்தாய்வு என்றால் சென்னை கிண்டிக்குப் போக வேண்டும். மாணவர்களை நானே அழைத்துப் போயிருக்கிறேன். அரூரில் இரவு பஸ் ஏறினால் விடியும்போது சென்னை. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மரத்தடியெல்லாம் குடும்பங்கள், கட்டுச்சோறு, தண்ணீர்க் குடம், கையில் கோப்பு. உள்ளே பெரிய திரையில் கல்லூரிப் பெயர்களும் காலியிடங்களும் ஓடும். கண்ணெதிரே ஓர் இடம் குறையும்போது வயிறு கலங்கும். சிரமம்தான், செலவுதான். ஆனாலும் அங்கே நான் பக்கத்தில் இருந்தேன். பிள்ளை உள்ளே போகும் முன் கடைசியாக ஒரு வார்த்தை சொல்ல முடிந்தது. 2018 முதல் கலந்தாய்வு இணையத்துக்கு வந்தது. பயணம் மிச்சம், பணம் மிச்சம், அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இணையம் வந்த பிறகு அந்தத் திரைக்கு முன் பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் தனிமையில் செய்யும் பெரிய தவறு, எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் வேண்டும் என்று தரும் விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்துவதில் நடக்கிறது. “ஐயா, எனக்கு 157தான் இருக்கிறது. இந்தக் கல்லூரியை முதலில் போட்டால் கிடைக்காது, பட்டியல் வீணாகிவிடும். கிடைக்கிறதை முதலில் போட்டுவிடுகிறேன்” என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அது முழுக்கத் தவறு.

கலந்தாய்வு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். ஒரு பலகாரக் கடையில் எல்லோரும் தரவரிசைப்படி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் ஒரு சீட்டு. முதலில் ஜிலேபி, இல்லையென்றால் மைசூர்பாகு, அதுவும் இல்லையென்றால் லட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முறை வரும்போது கடைக்காரர் சீட்டை மேலிருந்து படிக்கிறார். ஜிலேபி தீர்ந்திருந்தால் அடுத்த வரிக்குப் போகிறார். இருப்பதில் எது மேலே எழுதப்பட்டிருக்கிறதோ அதைக் கொடுக்கிறார். ஜிலேபியை முதலில் எழுதியதற்காக மைசூர்பாகைத் தர மறுப்பதில்லை, உங்களை வரிசையில் பின்னால் தள்ளுவதுமில்லை. ஆனால் ஜிலேபி கிடைக்காது என்று பயந்து லட்டை முதலில் எழுதினால், ஜிலேபி மிச்சமிருந்தாலும் லட்டுதான் கைக்கு வரும். கலந்தாய்வுக் கணினி செய்வதும் இதேதான். ஆகவே கட்-ஆஃபை நினைத்துப் பயந்து வரிசை போடாதீர்கள். மனத்தில் எது முதலோ அதை முதலில் போடுங்கள். இத்தனை விருப்பங்கள்தான் தரலாம் என்ற வரம்பு கிடையாது. போன ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தப் பாடம், எந்தப் பிரிவினருக்கு எந்த மதிப்பெண்வரை போயிற்று என்பதை இணையதளத்திலேயே வெளியிடுகிறார்கள். அதைப் பார்த்து, உங்கள் மதிப்பெண்ணுக்கு மேலும் கீழும் உள்ளவற்றைத் தாராளமாகச் சேருங்கள். ஒரே நிபந்தனை, கிடைத்தாலும் போகமாட்டேன் என்று நினைக்கும் கல்லூரியைப் பட்டியலில் வைக்காதீர்கள்.

இடம் கிடைத்த பிறகும் ஒரு வாய்ப்பு உண்டு. “இந்த இடம் எனக்குச் சம்மதம், ஆனால் என் பட்டியலில் இதற்கு மேலே உள்ளது காலியானால் அதைக் கொடுங்கள்” என்று கேட்கலாம். அதற்குரிய நடைமுறையைக் குறித்த நாளுக்குள் முடித்தாக வேண்டும், அவ்வளவுதான். இப்படி ஒரு வசதி இருக்கிறது என்பது தெரியாமலேயே கிடைத்ததை எடுத்துக்கொண்டு போன பிள்ளைகள் பலர்.

தேர்வு முடிவதற்குள்ளேயே வீடு தேடி வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். “இப்போதே ஐயாயிரம் கட்டினால் இடம் உறுதி, பஸ் இலவசம், விடுதி இலவசம்” என்பார்கள். பக்கத்து ஊர்க்காரராக இருப்பார், மாமா, அண்ணன் என்று உறவு சொல்லிக் கூப்பிடுவார். முன்பணத்தோடு பத்தாம் வகுப்புச் சான்றிதழின் அசலையும் வாங்கிக்கொண்டு போவார். கலந்தாய்வில் நல்ல இடம் கிடைக்கும்போது அசல் அந்தக் கல்லூரியில் மாட்டிக்கொண்டிருக்கும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே அறிவித்திருக்கிறது. யாராவது அசலைக் கேட்டால் இதைச் சொல்லுங்கள். அசலை வீட்டுப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்காதீர்கள்.

பணம் இல்லை என்பதால் பிள்ளையைத் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பலாம் என்று நினைக்கும் பெற்றோர்களே, கொஞ்சம் பொறுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்திருக்கிறது. அதில் பொறியியல் இடம் பெறும் பிள்ளைக்குப் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் தரப்படுகிறது. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், முதல் பட்டதாரிச் சான்று தொழிற்கல்விக் கட்டணத்தைக் குறைக்கும். அந்தச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான்.

பொறியியல் பற்றியே அதிகம் பேசிவிட்டேன். அதில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பதால். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்குத் தனித்தனி விண்ணப்பங்கள், தனித்தனிக் கடைசி நாள்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பிளஸ் டூ முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது, முன்பே விண்ணப்பிக்க வேண்டும். சுவரில் ஒரு நாள்காட்டி மாட்டி, கடைசி நாள்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள்.

இவ்வளவையும் பட்டம் படிக்காத அப்பா அம்மா எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே வழியாகப் போன ஒரு அண்ணனோ அக்காவோ இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு காபி கொடுத்துக் கேளுங்கள். நான் கடைசியாகப் பணியாற்றிய பள்ளியில், தலைமையாசிரியரின் அனுமதியோடு, பழைய மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் கணினி அறையில் உட்காருகிறார்கள். ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு நாற்காலிகள் போடுவோம். ஒன்று விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு, மற்றொன்று வழி தெரிந்தவருக்கு. தட்டச்சு செய்வது பிள்ளைதான். பக்கத்தில் இருப்பவர் விரல் வைக்க மாட்டார், வாயால் மட்டும் சொல்வார். முதலில் நான் சொன்னேனே, மின்னணுவியல் கேட்ட பெண், அவளும் இரண்டு ஆண்டுகளாக அங்கே வந்து உட்காருகிறாள். கைபேசி எண் பதியும் இடம் வந்தால், “யாருடைய எண் இது?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போகவிடுகிறாள்.

இந்த ஆண்டும் தேர்வு முடிவு வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அறை திறந்திருக்கும். நானும் இருப்பேன். வணக்கம்.