கூலரைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு அட்டைத் துண்டு

நேயர்களுக்கு வணக்கம். நான் ஏற்காட்டில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன், வாரத்துக்கு இரண்டு தடவையாவது சேலத்துக்கு இறங்கி ஏறுகிறேன், பழைய வண்டி என்றால் நானே பிரித்து நானே பூட்டுவேன். அதனாலேயே தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்பது ஒரு கேள்வி. "அண்ணா, ஆயில் கூலர் ஒழுகுது, கழட்டிடலாமா?" இன்ஜின் ஆயிலின் சூட்டைத் தணிக்கிற பாகத்தைத்தான் சொல்கிறார்கள்.

கழற்றலாமா வேண்டாமா என்று சொல்வதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது, ஆயில் எத்தனை டிகிரி ஓடுகிறது என்று. யாரிடமும் பதில் இருக்காது. டேஷ்போர்டில் முள் நடுவில்தானே நிற்கிறது என்பார்கள். அந்த முள் தண்ணீருடையது. தண்ணீர்ச் சூடு வேறு, ஆயில் சூடு வேறு, இதை இன்றைக்கு நான் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஏற்காட்டு ரோட்டையே எடுத்துக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போதும் தண்ணீர் முள் அசையாது, ஏனென்றால் சூட்டுக்கேற்பத் தண்ணீர்ப் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டும் ஃபேனும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆயிலுக்கு அப்படிக் காவல் கிடையாது. பிஸ்டனின் அடிப்பக்கம், பேரிங், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ இருந்தால் அதன் தண்டு என்று சூடான இடமெல்லாம் போய்வருவது அதுதான்.

அப்படியானால் கூலர் நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் என் ஜிப்சி கதை வருகிறது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் ராலி ஓட்டிய ஒருவரிடமிருந்து வாங்கிய பெட்ரோல் ஜிப்சி ஜீப். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி ஆயில் கூலர், அதிலிருந்து இரண்டு தடித்த ஹோஸ் பின்னால் ஃபில்டர் வரைக்கும். பார்க்கக் கம்பீரமாக இருந்தது, எனக்குப் பெருமையாகவும் இருந்தது. முதல் மார்கழியில் ஒரு நாள் காலை ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால், உட்பக்கம் முழுக்க பால் காப்பி நுரை மாதிரி ஒரு வழவழப்பு. விரலில் எடுத்துத் தேய்த்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்த பிசுபிசுப்பு. ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கிற தகடு, போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்றார் ஒரு மெக்கானிக். ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. குறையாத தண்ணீர் எப்படி ஆயிலுக்குள் போகும்?

அந்தத் தண்ணீர் பெட்ரோலிலிருந்தே வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். பெரும்பகுதி சைலன்ஸர் வழியே போய்விடும், கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். ஆயில் 90, 100 டிகிரிக்கு வந்தால் அது மறுபடி ஆவியாகி வெளியேறும். வராவிட்டால் அங்கேயே தங்கும். எனக்கோ வீட்டிலிருந்து ஏரி வரை, ஏரியிலிருந்து கடைத்தெரு வரை, மூன்று நான்கு கிலோமீட்டர்தான் தினசரி ஓட்டம். அந்தக் குளிரில், அந்தக் கூலரோடு, ஆயில் சூடாகவே இல்லை.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுக்கக் கூடாது என்று முதலில் அளந்தேன். மல்டிமீட்டரோடு வரும், சூடு அளக்கும் மெல்லிய ஒயரை, ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சியின் நீளத்துக்குச் சரியாக அளந்து, அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட இறங்காதபடி டேப் சுற்றி, டிப்ஸ்டிக் குழாயில் விட்டேன். நீளம் கூடினால் உள்ளே சுற்றுகிற பாகங்களில் மாட்டிக்கொள்ளும், கவனம். ஊருக்குள் ஓடினால் 55 டிகிரி தாண்டவில்லை. மலை இறங்கி அடிவாரம் வந்தபோது 68. மே மாதம் மத்தியானம், பின்னால் நான்கு உரமூட்டை, இருபதாவது வளைவில் 92. ஆயிலுக்கு வசதியான சூடு 90 முதல் 110 என்று வைத்துக்கொண்டால், என் வண்டி வருடத்தில் ஒரு நாள்தான் அந்த வாசலை எட்டிப் பார்த்திருக்கிறது.

அப்புறமும் கழற்றவில்லை. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மாம்பழம் வந்த அட்டைப்பெட்டியில் கூலர் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, கூலருக்கு முன்னால் மட்டும் கட்டிவிட்டு, அதே சுமையோடு ஏறினேன். 108. அவ்வளவுதான். 130-ஐத் தாண்டி ரொம்ப நேரம் நின்றால்தான் ஆயில் கருகி நீர்த்து பிரஷர் இறங்கும் என்ற கவலை வரவேண்டும், அதற்கு எவ்வளவோ இடம் இருந்தது. பிறகுதான் கூலரைக் கழற்றினேன். அடுத்த மார்கழியில் மூடி சுத்தமாக இருந்தது. அந்தக் கூலர் ராலிக்கு வைத்தது, ராலி ஓட்டுகிறவருக்கு அது சரி. இன்றைக்கும் சுமையோடு தினம் மலை ஏறுகிற வண்டியில் அது இருந்தால் கழற்றச் சொல்லமாட்டேன், ஆயில் சூடான பிறகே கூலருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் பிளேட் ஒன்றைச் சேர்த்துப் போடச் சொல்வேன்.

இதைக் கேட்டுவிட்டு என் மச்சான் தன் டீசல் காரிலும் கழற்றிவிடலாம் என்று கிளம்பினார். சேலம் கோரிமேட்டில் இருக்கிறார். கூலன்ட் டப்பாவில் ஆயில் மிதக்கிறது, பட்டறையில் கூலரை விட்டுவிட்டு ஆயிலை நேராக ஓடவிட்டு பைபாஸ் பண்ணிவிடலாம் என்கிறார்கள் என்றார். வேண்டவே வேண்டாம் என்று நேரில் போய்த் தடுத்தேன். அது கம்பெனியே வைத்தது, தண்ணீரால் வேலை செய்வது, ஃபில்டரோடு ஒட்டியே உட்கார்ந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தண்ணீர்தான் சீக்கிரம் சூடாகும், அந்தச் சூட்டை ஆயிலுக்குக் கொடுக்கும். ஏற்றத்தில் ஆயில் அதிகம் காய்ந்தால் அதே தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும். தண்ணீர்ச் சூடு வேறு, ஆயில் சூடு வேறு என்றேன் இல்லையா, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவது இந்தக் கூலர்தான். டர்போ வண்டியில் அதை எடுத்துவிட்டால் ஏற்றத்தில் டர்போ பேரிங்தான் முதலில் அடிவாங்கும். அவர் வண்டியில் போயிருந்தது ரப்பர் ஓ-ரிங். அதை மாற்றி, கூலன்ட் பாதையை நன்றாகக் கழுவி ஊற்றினோம், இன்றுவரை ஓடுகிறது. ஒழுகுவது ஒரு ரப்பர் என்றால் ரப்பரை மாற்றுங்கள். ஒன்று மட்டும் விதிவிலக்கு. இன்ஜினுக்குள் பேரிங் உடைந்து இரும்புத்தூள் ஓடிய வண்டி என்றால் கூலரைப் புதிதாகவே போடுங்கள், அந்தச் சின்னக் குழாய்களுக்குள் ஒட்டிய தூளைக் கழுவி எடுக்க முடியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. என் ஜிப்சியில் இருந்தது மாதிரி ஹோஸ் வைத்த கூலரைக் கழற்றும் முறையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்ஜினுக்கும் ஃபில்டருக்கும் நடுவே ஒரு பிளேட் இருக்கும், ஹோஸ் பூட்டியிருப்பது அதில்தான். ஹோஸ் இரண்டையும் எடுத்துவிட்டு அதன் வாயை போல்ட்டால் அடைக்காதீர்கள். ஆயில் முழுவதும் கூலர் வழியாகவே திரும்பும் பிளேட் என்றால் இன்ஜினுக்கு ஆயில் போகாது, சில நிமிடத்தில் இன்ஜின் இறுகி சீஸ் ஆகிவிடும். பிளேட்டையே எடுத்துவிட்டு, அந்த இன்ஜினுக்கு உரிய குட்டை ஸ்டட், அதாவது ஃபில்டரைத் திருகி மாட்டுகிற மரைத்தண்டு, போட்டு, புது ஃபில்டர் மாட்டுங்கள். நீள ஸ்டட்டை அப்படியே விட்டால் ஃபில்டர் ரப்பர் சரியாக உட்காராது. கூலரும் ஹோஸும் பிடித்துவைத்திருந்த ஆயில் இனி தேவையில்லை, பழைய கணக்குக்கு ஊற்றாமல் டிப்ஸ்டிக் கோட்டைப் பார்த்து ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, மலை ஏறும் முன்னால் அடிவாரத்தில் ஓரம் கட்டி, ஃபில்டரைச் சுற்றி ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள், துணி காய்ந்திருந்தால் ஏறலாம். வணக்கம்.